கண்ணாடி முன் நாற்பது நிமிடம்

“கொதிகலன் எரியும் நேரம் முழுவதும் அதன் பொறுப்பாளர் நீர்மட்டக் கண்ணாடியை விட்டு அகலக் கூடாது.” ஆலையின் பணிக் கையேடு, எட்டாம் பிரிவு, மூன்றாம் உட்பிரிவு. பாதுகாப்புப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் இதை மனப்பாடமாகச் சொல்வீர்கள். ஓய்வு பெற்று சிரம்பானில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கும் நானும், யாராவது திடீரென்று கேட்டால், உட்பிரிவு எண்ணோடு சொல்வேன். அழகான வாக்கியம். அதில் குறை ஒன்றே ஒன்றுதான். அகலக் கூடாது என்கிறது. பார்க்க வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை.

கோலா சாவா சாலையிலிருந்து உள்ளே திரும்பினால், செம்பனை மரங்களுக்கு நடுவில் எங்கள் ஆலை. தோட்டங்களிலிருந்து லோரிகளில் பழக்குலை வரும், வேகவைத்துப் பிழிந்து எண்ணெய் எடுப்போம். வேகவைக்கும் நீராவியைத் தருவது கொதிகலன். கொதிகலனுக்குள் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்பதைக் காட்ட வெளியே ஒரு கண்ணாடிக் குழாய், முழங்கை நீளம். அதற்கு எதிரே ஒரு இரும்பு நாற்காலி. அந்த நாற்காலியில் லூர்துசாமி.

நான் அங்கே பாதுகாப்பு அதிகாரி. ஆட்கள் என்னை ‘மிஸ்’ என்று கூப்பிட்டார்கள். யாருக்கும் எதையும் கற்றுக்கொடுத்ததால் அல்ல. படிவத்தைத் திருப்பிக் கொடுத்து மறுபடி எழுதச் சொல்வேன், அதனால்.

ஒரு மதியம், சாப்பாட்டு வேளை முடிந்து ஒரு மணி நேரம் இருக்கும், பாய்லர் கொட்டகைக்குள் போனேன். அந்த நேரத்தில் அங்கே நின்றிருந்தால்தான் நான் சொல்வது புரியும். பழம் பிழிந்து மிஞ்சிய நாரைத்தான் எரிப்பது. அதன் தூசி, கூரை இடுக்கில் விழும் வெயிலில் பொன் நிறமாக மிதக்கும். கீழே இறங்காது. இரைச்சல் அத்தனை பெரியது. கொஞ்ச நேரத்தில் காது அதைக் கேட்பதையே விட்டுவிடும். பிறகு ஏதோ ஒரு பெரிய அமைதியின் நடுவில் நிற்பதுபோல் இருக்கும். கண்ணாடிக்குள் தண்ணீர் மெல்ல நடுங்கிக்கொண்டிருக்கும். நான் வந்த வேலையை மறந்து அதைப் பார்த்தபடி நின்றுவிட்டேன்.

லூர்து என்னைவிட மூன்று வயது பெரியவர். இருபத்தாறு வருடமாகப் பாய்லர்காரர். பதிவேட்டை எடுத்தார், ‘பாதி’ என்று எழுதினார், மூடினார். கண்ணாடியில் தண்ணீர் கால்வாசிதான் இருந்தது.

“என்ன அண்ணே பாக்குறீங்க?”

“தண்ணிதான் மிஸ்.”

“எவ்வளவு இருக்கு?”

“பாதி.”

“எழுந்து நின்னு பாருங்க.”

எழுந்தார். பார்த்தார். பம்பைத் திருப்பினார். தண்ணீர் மெதுவாக ஏறியது. அது பாதிக்கு வரும்வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“முதல்ல தண்ணி ஆடும் மிஸ், நான் பாத்துக்கிட்டு இருப்பேன்” என்றார். “கொஞ்ச நேரம் போனா தண்ணி நின்னுடும். நான் ஆட ஆரம்பிச்சுடுவேன்.”

“எங்க?”

“போட்டுல. சி ரூசா கடல் பக்கம், தூண்டில போட்டுக்கிட்டு. கண்ணு தொறந்துதான் இருக்கும். தூங்கல மிஸ், சத்தியமா.”

அவர் தூங்கவில்லை என்பது எனக்குத் தெரியும். இரண்டு நிமிடத்துக்கு முன்னால் நானும் எங்கோதான் இருந்தேன்.

நடைமுறைப்படி நான் செய்ய வேண்டியது எச்சரிக்கைக் கடிதம். மூன்று எச்சரிக்கை சேர்ந்தால் விசாரணை, விசாரணை எதிராக முடிந்தால் பாய்லர் வேலை போகும். படிவம் மூன்று பிரதியில் என் மேசையில் தயாராக இருந்தது. அதை நிரப்புவதற்கு முன் பழைய பதிவேட்டைப் புரட்டினேன். காலையில் தண்ணீர் உயிருள்ள தண்ணீராக ஏறி இறங்கியிருந்தது: பாதிக்கு மேல், பாதிக்கு ஒரு விரல் கீழே, முக்கால். மதியத்துக்குப் பின் பாதி, பாதி, பாதி. மற்ற ஷிப்டுக்காரர்கள் எழுதியதும் அப்படியே. எல்லோர் கையெழுத்திலும் தண்ணீர் மதியத்தில் உறைந்துபோயிருந்தது. எச்சரிக்கைக் கடிதம் கொடுப்பதென்றால் மனிதக் கண்ணுக்குத்தான் கொடுக்க வேண்டும். அதற்குப் படிவம் இல்லை.

அடுத்த சில நாள் ஒரு சின்ன சோதனை செய்தேன். லூர்துவின் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கண்ணாடியைக் கையால் மறைத்து, “இப்ப எங்க இருந்துச்சு?” என்று கேட்பேன். ஆரம்பத்தில் விரல்கடை அளவுக்குச் சரியாகச் சொன்னார். நாற்பது நிமிடம் தாண்டியதும் பதில் ஒன்றேதான்: பாதி. பத்து நிமிடம் வெளியே அனுப்பிவிட்டு மறுபடி உட்கார வைத்தால், மறுபடி விரல்கடை. துணைப் பாய்லர்காரர் சேகரை உட்கார வைத்துப் பார்த்தேன். அவருக்கும் ஏறக்குறைய அதே நாற்பது.

உங்கள் கைப்பேசியில் இதற்கென்று செயலிகள் இருக்கின்றன. தக்காளிப் படம் போட்டு, இருபத்தைந்து நிமிடம் வேலை, ஐந்து நிமிடம் ஓய்வு என்று மணி அடிக்கும். நல்லதுதான். ஆனால் அந்த எண் தக்காளிக்காரருடையது. உங்கள் வேலைக்கு உரிய எண்ணை நீங்களே உட்கார்ந்து கண்டுபிடிக்க வேண்டும். எங்கள் கண்ணாடிக்கு அது நாற்பதும் பத்தும்.

அப்படியே ஏற்பாடு செய்தேன். நாற்பது நிமிடம் முடிந்தால் சமையலறை மணி ஒன்று அடிக்கும். சேகர் கண்ணாடிக்கு வருவார், லூர்து பத்து நிமிடம் வெளியே போவார். சேகரிடமும் கொதிகலன் சான்றிதழ் இருந்தது, வாயும் இருந்தது.

“அண்ணனுக்கு இன்டர்வல் விட்டாச்சு லா. படம் நல்லா போகுதா?”

“உனக்கும் விடுவாங்கடா. உன் கண்ணு மட்டும் என்ன, ஜெர்மன்ல செஞ்சதா?”

முதல் வாரம் லூர்து நான்காம் நிமிடமே திரும்பி வந்தார். “சும்மா நிக்க வெக்கமா இருக்கு மிஸ். பாக்கிறவன் சோம்பேறின்னு நினைப்பான்.”

“கையில ஒரு ஸ்பேனர் வெச்சுக்கிட்டு நில்லுங்க. யாரும் கேக்க மாட்டாங்க.”

கேட்கவில்லை. நார்க் கொட்டகைக்குப் பின்னால், கையில் ஸ்பேனரோடு, செம்பனை வரிசைகள் ஒன்றுக்குள் ஒன்று சுருங்கி ஒரு பச்சைப் புள்ளியாக முடியும் இடத்தைப் பார்த்தபடி அவர் நிற்பார். கைப்பேசி கூடாது என்று சொல்லியிருந்தேன். கண்ணாடியிலிருந்து எடுத்த கண்ணை இன்னொரு கண்ணாடியில் வைப்பதற்குப் பெயர் ஓய்வு இல்லை. ஒருநாள் நானும் பக்கத்தில் நின்று பார்த்தேன். தூரத்தில் காற்று வருவது முதலில் மரத்தலைகளில் தெரிகிறது. நெடுநேரம் கழித்துத்தான் முகத்துக்கு வருகிறது. வேலை நேரத்தில் இப்படி நிற்பதற்கு எந்தப் பிரிவில் அனுமதி என்று என் மனம் தேடிக்கொண்டே இருந்தது. தேடுவது நின்றபோது மணி அடித்துவிட்டது.

பதிவேட்டில் மதியத் தண்ணீர் மறுபடி அசைய ஆரம்பித்தது.

எட்டாம் பிரிவைத் திருத்தக் கேட்டு சிரம்பானில் இருந்த தலைமையகத்துக்குக் கடிதம் எழுதினேன். பகல் சாப்பாட்டுக்குப் பின் உட்கார்ந்தவள், எழுந்திருக்காமல் மாலைவரை எழுதினேன். ஏழு பக்கம். எவ்வளவு நேரம் பார்ப்பது, எவ்வளவு நேரம் ஓய்வு, ஓய்வில் என்ன செய்யக் கூடாது, எல்லாம் இருந்தது. இடைவேளையின் அருமையைப் பற்றி இடைவேளையே விடாமல் எழுதிய கடிதம். அந்தக் கேலி எனக்கு அன்று தோன்றவில்லை.

மேனேஜருக்கு ஒரு பிரதி கொடுத்தேன். தமிழர்தான், இளைஞர், விதிமுறையில் பிடிப்பு அதிகம். “ரிப்ளை வர்ற வரைக்கும் நான் எதையும் பாக்கல மிஸ்” என்றார். அந்த விஷயத்தில் மதியப் பாய்லர்காரர்களோடு அவர் ஒன்றுதான்.

பதில் வரவில்லை. மாதங்கள் போயின. பிறகு அந்த நாள்.

எங்கள் ஆலைப் பேச்சில் ‘தண்ணி’ என்றால் இரண்டு பொருள். ஒன்று கொதிகலனில் இருப்பது. இன்னொன்று ஃபிளாஸ்கில் இருக்கும் தேநீர். ‘தண்ணிக்குப் போறேன்’ என்றால் தேநீருக்குப் போகிறேன் என்று இந்த நாட்டில் யாருக்கும் தெரியும். அன்று மதியம் மணி அடித்தது. சேகர் வந்தார். இரைச்சலுக்கு மேல் லூர்து கத்தினார்: “தண்ணி இருக்கு.” கண்ணாடியில் மட்டம் சரியாக இருக்கிறது, பார்த்துக்கொள் என்று அர்த்தம். சேகர் காதில் விழுந்தது வேறு: ஃபிளாஸ்கில் தே இருக்கிறது, முதலில் நீ போய்க் குடித்துவிட்டு வா, நான் இருக்கிறேன். பெரியவர் விட்டுக்கொடுக்கிறார் என்று நினைத்துத் தலையாட்டிவிட்டு அவர் முன்பக்கம் போனார். தலையாட்டியதைப் பார்த்துவிட்டு லூர்து பின்பக்கம் போனார். இரும்பு நாற்காலி காலியாக இருந்தது.

அந்த நேரம் பார்த்துப் பம்பும் நின்றுபோயிருந்தது.

நான் கொட்டகைக்குள் வந்தபோது யாரும் இல்லை. தூசி மிதந்துகொண்டிருந்தது. கண்ணாடியைப் பார்த்தேன். கோடு இல்லை. மேலே இல்லை, கீழேயும் இல்லை. தெளிந்த வெறும் குழாய். முழுக்க நிரம்பிய கண்ணாடியும் முழுக்கக் காலியான கண்ணாடியும் பார்வைக்கு ஒன்றே என்பதை நான் பத்துப் பயிற்சி வகுப்பில் சொல்லியிருக்கிறேன், படம் போட்டுக்கூடக் காட்டியிருக்கிறேன். நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. தண்ணீர் குறைந்தால் அடிக்க வேண்டிய அபாய மணி அடிக்கவில்லை. தண்ணீர் நிரம்பியிருந்தாலும் அது அடிக்காது. மணியே கெட்டிருந்தாலும் அடிக்காது.

நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. சேகருக்குக் கேட்டிருக்கிறது. ஓடிவந்தார், கண்ணாடியைப் பார்த்தார், பதறிக்கொண்டு மாற்றுப் பம்பின் மேல் கை வைத்தார். தண்ணீர் இல்லையென்றால் தண்ணீர் விடத்தானே வேண்டும்? நியாயமான எண்ணம். உள்ளே குழாய்கள் காய்ந்து சிவந்திருக்கும் நேரத்தில் குளிர்ந்த தண்ணீர் பட்டால், கொட்டகையும் நாங்களும் செம்பனை மரங்களுக்கு மேல் இருந்திருப்போம்.

“கைய எடு சேகர்.”

லூர்து பின்வாசலில் நின்றார். கையில் ஸ்பேனர். ஓடி வரவில்லை, நடந்து வந்தார். அந்த நடையை நான் இன்னும் கனவில் பார்ப்பதுண்டு. அத்தனை மெதுவாக யாரும் நடந்து நான் பார்த்ததில்லை. உண்மையில் ஆறேழு அடிதான் இருந்திருக்கும்.

“அண்ணே, தண்ணி இல்ல…”

“இருக்கா இல்லையான்னு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கைய எடு.”

சேகர் கையை எடுத்தார். லூர்து கண்ணாடியின் அடியில் இருந்த சிறு குழாயைத் திறந்தார். நிரம்பியிருந்தால் தண்ணீர் கொட்டும். கொட்டவில்லை. வெறும் ஆவி சீறியது.

“நெருப்ப நிறுத்து. நார் போறத நிறுத்து. தண்ணிய தொடாத.” பிறகு என்னைப் பார்த்து, “மிஸ், வெளிய எல்லாரையும் தள்ளிப் போகச் சொல்லுங்க” என்றார். குரல் உயரவே இல்லை.

ஆலை நின்றது. பழம் ஏற்றிய லோரிகள் சாலைவரை வரிசை கட்டின. கொதிகலன் ஆறும்வரை யாரும் அதன் பக்கம் போகவில்லை. இரைச்சல் இல்லாத ஆலையில் பறவைச் சத்தம் கேட்டது. ஆட்கள் அதை ஏதோ புதிதாக வந்த இயந்திரம்போல் நின்று கேட்டார்கள். சோதித்தவர்கள், குழாய்கள் பிழைத்தன, இன்னும் சில நிமிடம் போயிருந்தால் சொல்வதற்கில்லை என்றார்கள்.

இடைவேளைதான் எங்களைக் காப்பாற்றியது என்று உங்களிடம் சொல்ல ஆசைதான். பத்து நிமிடம் மரங்களைப் பார்த்துவிட்டு வந்த கண்ணும் தலையும் இருந்ததால்தான் லூர்துவால் அப்படி நிதானிக்க முடிந்தது என்று இன்றும் நம்புகிறேன். ஆனால் அந்த ஆபத்தைக் கொண்டுவந்ததும் அதே பத்து நிமிடம்தான். என் ஏழு பக்கக் கடிதத்தைத் திரும்ப எடுத்துப் படித்தேன். எப்போது எழுவது என்று இருந்தது. எத்தனை நிமிடம் என்று இருந்தது. ஒருவர் கண்ணிலிருந்து இன்னொருவர் கண்ணுக்கு வேலை எப்படி மாறுவது என்பதைப் பற்றி ஒரு வரி இல்லை. மாலைவரை எழுந்திருக்காமல் எழுதியவளுக்கு, எழுந்து போகிறவன் பின்னால் விட்டுப்போகும் நாற்காலி தெரியவில்லை.

விசாரணை நடந்தது.

“நான் கேக்கிறது ஒண்ணுதான் மிஸ்” என்றார் மேனேஜர். “எட்டு-மூணு இருக்கா, இல்லையா?”

“இருக்கு.”

“அவர் அகன்றாரா, இல்லையா?”

“நான் அனுப்பினதாலதான் அகன்றார்.”

லூர்து நிமிர்ந்தார். “நான் என்ன பச்சப் புள்ளையா, யாரோ அனுப்பினாங்கன்னு சொல்ல? எந்திரிச்சது என் காலு.”

“அண்ணே, கொஞ்சம் சும்மா இருங்க.”

“நீங்க சும்மா இருங்க மிஸ். உங்க பென்ஷனுக்கும் ஆபத்து வந்துடும்.”

மேனேஜர் கெட்டவர் இல்லை. தலைமையகம் முடிவு சொல்லும்வரை லூர்துவைப் பாய்லரிலிருந்து எடுத்து, லோரியிலிருந்து பழம் இறக்கும் மேட்டில் போட்டார். சிதறி விழும் உதிரிப் பழங்களைக் கூட்டி அள்ளும் வேலை. முடிவு எதிராக வந்தால் அவர் கண்ணாடிக்கு முன்னால் மறுபடி உட்கார முடியாது. ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம். அதையும் கூட்டுமாற்றோடு முடிக்க வேண்டியதுதான்.

பாய்லர் கொட்டகையில் உடனே ஒரு மாற்றம் செய்தோம். ‘தண்ணி’ என்ற சொல் அங்கே கொதிகலனுக்கு மட்டும். குடிப்பதற்குப் பெயர் தே. வருகிறவர் கண்ணாடியில் மட்டத்தின் மேல் விரலை வைத்து, எவ்வளவு என்று அவரே சொல்ல வேண்டும். அதைக் கேட்ட பிறகுதான் இருப்பவர் நாற்காலியை விட்டு எழலாம். சேகர் ஒருநாளும் தவறவில்லை. அவர் வாய் கொஞ்ச நாள் அடங்கியிருந்தது.

நான் கடிதம் எழுதினேன். நடந்ததைச் சொல்லி இரண்டாவது. நினைவூட்டல் என்று மூன்றாவது. லூர்துவின் இருபத்தாறு வருடத்தை விவரித்து, கருணை காட்டும்படி நான்காவது. எதற்கும் பதில் இல்லை. ஐந்தாவதை ஒரு மதியம் எழுத உட்கார்ந்தேன். வார்த்தைகள் எல்லாம் பாதி, பாதி என்றே விழுந்துகொண்டிருந்தன. பேனாவை மூடிவிட்டு, கையில் ஸ்பேனர் இல்லாததால் ஒரு ஃபைலை எடுத்துக்கொண்டு, பழம் இறக்கும் மேட்டுக்குப் போய் நின்றேன்.

லூர்து ஆரஞ்சு நிறப் பழங்களைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

“பதில் சுராட் வந்துச்சா மிஸ்?”

“இல்லண்ணே.”

“இங்க எதையும் உத்துப் பாக்க வேணாம்” என்றார் கூட்டியபடியே. “கண்ணுக்கு வேலையே இல்ல. அதான் கஷ்டமா இருக்கு.”

பத்து நிமிடம் நின்றேன். பழங்கள் உருண்டு உருண்டு வெயிலில் மினுங்கின. எதையும் யோசிக்கவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தபோது, கையேட்டின் முதல் பிரிவில் யாரும் படிக்காத ஒரு வரி தானாக எழுந்து வந்து நின்றது: திருத்தம் ஒன்று ஏற்கப்பட்டால், வேறு தேதி குறிக்கப்படாத வரையில், பரிந்துரை பெறப்பட்ட தேதியிலிருந்து அது நடப்புக்கு வரும். என் முதல் கடிதம் பெறப்பட்டது விபத்துக்குப் பல மாதம் முன்னால்.

கருணை கேட்கும் கடிதத்துக்குப் பதில் எழுத எந்த அலுவலகத்திலும் யாருக்கும் அதிகாரம் கிடையாது. தேதி கேட்கும் கடிதத்துக்கு ஃபைல் பார்க்கும் ஒரு கிராணி போதும். ஐந்தாவது கடிதம் நாலு வரி. கைமாற்றும் முறையை இணைத்து, பரிந்துரைத்த திருத்தம் ஏற்கப்படுமானால் எந்தத் தேதியிலிருந்து நடப்புக்கு வரும் என்று மட்டும் கேட்டேன்.

பதில் அரைப் பக்கம். திருத்தம் ஏற்கப்பட்டது, முதல் பரிந்துரை பெறப்பட்ட தேதியிலிருந்து நடப்பில் உள்ளதாகக் கொள்ளவும். ஆகவே பொறுப்பாளர் இருக்கையை விட்டு எழுந்தது விதிமீறல் ஆகாது. அவரைப் பழைய பணியில் அமர்த்தவும். கைமாற்றும் முறை உரிய நேரத்தில் வகுக்கப்படாமைக்குப் பாதுகாப்பு அதிகாரிக்கு எச்சரிக்கை. மூன்று பிரதியில்.

அதை எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போனேன். லூர்து கையைத் துடைத்துவிட்டு இரண்டு தடவை படித்தார்.

“அப்ப அன்னிக்கு நான் தப்புப் பண்ணலையா மிஸ்?”

“விதிப்படி பண்ணல.”

“நெசமா?”

“நெசமா பண்ணீங்க. நானும் பண்ணேன். எனக்கு எழுதிக் கொடுத்துட்டாங்க, பாருங்க.”

அவர் சிரிக்கவில்லை. கூட்டுமாற்றைச் சுவரோரம் சாய்த்து வைத்தார். கடிதத்தைத் திருப்பித் தரும்போது, மேல் மூலையில் ‘பெறப்பட்டது’ என்ற முத்திரை இல்லாததைக் காட்டி, “தேதி போடுங்க மிஸ்” என்றார். அங்கேயே, ஒரு லோரியின் பக்கவாட்டில் தாளை வைத்துப் போட்டேன்: ஆகஸ்ட் பத்தொன்பது, செவ்வாய்க்கிழமை.